ஆள் குறைந்த பக்கம்

"20-6-74, வியாழன். இன்றும் நின்றான். பதினோராம் நாள் (ஞாயிறு நீங்கலாகப் பத்து). காலையில் மேகம், பிற்பகல் வெயில். வேர்க்கடலை."

என் டைரியில் அந்தத் தேதிக்கு இவ்வளவுதான் இருக்கிறது. நின்றவன் பெயர் இல்லை. அந்த ஆண்டு டைரி முழுவதும் அவன் வெறும் 'அவன்'தான். பெயர் போட்டுப் பிரித்துக் காட்டும் அளவுக்கு எனக்கு வேறு நண்பர்கள் இருந்ததில்லை. வேர்க்கடலையைத் தின்றது அவனா நானா என்பதும் குறிப்பிலிருந்து தெரியவில்லை. தேதியில் நான் தவறியதே இல்லை, மற்ற எல்லாவற்றிலும் தவறியிருக்கிறேன் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். இங்கேயும் அவன் பெயரைச் சொல்லப் போவதில்லை. காரணம் கடைசியில் தானாகத் தெரியும்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டிய தெரு எங்களுடையது. அவன் அப்பா விறகுத் தொட்டி வைத்திருந்தார். மாமல்லபுரம் கடற்கரையோரச் சவுக்குத் தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி, வண்டியில் கொண்டுவந்து டவுனில் விற்பது தொழில். என் வீட்டுக்கும் அந்தத் தொட்டிக்கும் நடுவே நான்கு கதவுகள். ஐந்து வயதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத் திரிந்தோம்.

கோடையில் ஏரி வற்றினால் அங்கே சடுகுடு ஆடுவோம். அவன் எந்தக் கட்சியில் இருந்தாலும் அந்தக் கட்சி தோற்கும். இத்தனைக்கும் எங்களில் நன்றாக ஆடுகிறவன் அவன்தான். எதிர்க்கட்சியில் நாலு பேர் அவுட்டாகி வெளியே போனதும் இவன் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வான்.

"டேய், இன்னாடா நீ? எங்க பூட்ட?" என்று நாங்கள் கத்துவோம்.

"அந்தப் பக்கம் ஆளு கம்மிடா."

அவன் போனதும் அவர்கள் ஜெயிக்கத் தொடங்குவார்கள். எங்கள் பக்கம் ஆள் குறையும். உடனே திரும்பி வருவான். இருட்டிக்கொண்டு வரும்வரை இரண்டு கட்சிக்கும் நடுவே ஓடிக்கொண்டிருப்பான். யார் ஜெயித்தார்கள் என்று எழுதிவைப்பது என் வேலை. அந்தக் காலத்து நோட்டில் பாதிப் பக்கங்களில் "முடிவு தெரியவில்லை" என்றுதான் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் ஒரு பையனை வாத்தியார் பெஞ்சுமேல் ஏற்றி நிற்கவைத்தார். இவன் தானாக எழுந்து பக்கத்தில் ஏறி நின்றான்.

"உன்ன யாருடா நிக்கச் சொன்னது?"

"அவன் ஒண்டியா நிக்கிறான் சார்."

வாத்தியார் இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு அடி கொடுத்தார். முதலில் நின்றவனுக்கே கோபம். "உன்னால எனக்கும் சேத்து உழுந்துச்சுடா, பேமானி" என்று சாயங்காலம்வரை திட்டினான். இவன் அதைக் கவனித்த மாதிரி இல்லை. கல்யாணப் பந்தியில் காலி இலை அதிகம் உள்ள வரிசையாகப் பார்த்து உட்காருவான். அது எப்போதும் கடைசி வரிசை. பாயசம் அங்கே வருவதற்குள் அண்டா காய்ந்திருக்கும். கூட்டமில்லாத சாவுகளில் பாடை தூக்கப் போவான். செத்தவர் யார் என்று கேட்டால், "தெரில மச்சான், மூணு பேருதான் இருந்தாங்க" என்பான்.

'மச்சான்' என்பது எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கூப்பிடுவதுதான். நான் மட்டும் அதை என் விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதற்கான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அவனுக்கு மல்லிகா என்று ஒரு தங்கை. நான் அவளை விரும்பினேன். என்று முதல் என்பதும் குறிப்பில் இருக்கிறது, ஆனால் அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. 1972-இல் அவள் பால்வாடி டீச்சர் வேலைக்கு மனுப் போட்டபோது, கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னிடம்தான் எழுதக் கொடுத்தார்கள். பிறந்த தேதி 3-9-1953. கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியாழன். அந்த வாரத்திலிருந்து அவள் அப்பாவை 'பெரியவரே' என்பதை விட்டு 'மாமா' என்று கூப்பிட்டேன். அவர் கவனிக்கவில்லை. அவள் என்னை 'அண்ணா' என்றாள். அதை நான் கவனிக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு இரண்டு மைல் இப்பால் ஒரு கிராமத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தினமும் காலையில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் தனியார் பஸ். அப்போது நான் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் உதவியாளாக இருந்தேன். இரண்டாவது சனிக்கிழமை அலுவலகம் கிடையாது, பால்வாடி உண்டு. ஆகவே இரண்டாவது சனிக்கிழமைதோறும் மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளைப் படியெடுக்க வேண்டும் என்ற ஆர்வம் எனக்கு ஏற்பட்டது. நூலகத்தில் மாவட்டக் கெஜட்டியரையும் அதைச் சுற்றியுள்ள புத்தகங்களையும் தூசு தட்டிப் படித்தேன். பஸ்ஸில் அவளிடம் பல்லவர் காலத்தைப் பற்றிப் பேசினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி "அப்படியாண்ணா?" என்பாள்.

அந்தப் பயண டிக்கெட்டுகளையெல்லாம் டைரியில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்தில் குறிப்புகள்:

"10-11-73. கூட்டம். கண்டக்டர் எங்களுக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். தங்கமான மனிதர்."

"12-1-74. மல்லிகா வரக் கொஞ்சம் தாமதம். கண்டக்டர் பஸ்ஸை எடுக்கவிடாமல் நிறுத்தினார். என்மேல் அவருக்கு மதிப்பு உண்டு."

"9-3-74. அவள் இன்று நன்றாகச் சிரித்தாள். பல்லவர் பற்றி நான் சொன்னது பிடித்திருக்க வேண்டும். கண்டக்டரும் சிரித்தார். சரித்திர ஆர்வம் உள்ளவர்."

துப்பறிகிறவன் கையில் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் கேஸை முடித்துவிடுவான். அத்தனை தடயத்தையும் தேதி வாரியாக நானே சேர்த்து, ஒட்டி, எண் போட்டு வைத்திருந்தேன். எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

13-4-74 அன்று அவனிடம் சொன்னேன். அன்றும் இரண்டாவது சனிக்கிழமைதான். அவன் தோப்பில் வெட்டு பார்க்க வந்திருந்தான். நான் தேடிப் போனபோது கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தான். அந்த வலைக்குக் கரையில் இரண்டு கயிறு, இரண்டு கூட்டம். வடக்குக் கயிற்றில் ஏழு பேர், தெற்குக் கயிற்றில் ஐந்து. அவன் தெற்கில் ஆறாவதாக நின்றான். அவனுக்கும் அந்த வலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இழுக்கிறவர்கள் பின்பக்கமாகவே நடப்பார்கள். அதனால் நானும் அவனோடு பின்பக்கமாக நடந்தபடியே என் காதலைச் சொன்னேன்.

"அதைக் கேட்டியா?"

"எதை?"

"மல்லிகாவத்தான், அதை ஒரு வார்த்த கேட்டியா?"

"இல்ல."

"டைரில எழுதினியா?"

"எழுதினேன்."

"அப்ப பாதி வேல முடிஞ்சுபோச்சு" என்று கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தான். "சரி மச்சான். நான் கேக்கறேன். அது சரின்னா, நைனாகிட்ட நானே பேசறேன். நீ தள்ளு, கால்ல கயிறு மாட்டிக்கப் போவுது."

மாட்டிக்கொண்டது. விழுந்தேன். கயிற்றுக்காரர்கள் நின்று சிரித்ததில் வலை கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஜூன் ஏழாம் தேதி, வெள்ளி. முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரம். பத்திர எழுத்தரின் கொட்டகையில் அவன் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கேட்டேன் மச்சான். அது வேற ஆளச் சொல்லுச்சு."

"யாரை?"

"சூசைய. பஸ்ல கண்டக்டரு."

நான் டைரியை நினைத்துக்கொண்டேன். பதினோரு டிக்கெட்டுகள்.

சூசை படாளத்துப் பக்கம். அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம். அவர் அப்பா காலத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களானவர்கள். மல்லிகா வீட்டில் இது தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவன் அப்பா கத்தி எடுக்கக்கூடியவர் இல்லை. எடுக்கக்கூடியவர்கள் உறவில் இருந்தார்கள்.

"வூட்ல அத்தினி பேரும் ஒரு பக்கம்" என்றான். "அது ஒண்டியா நிக்குது. நான் அந்தப் பக்கம் போவறேன். உனக்குக் கஷ்டம்தான். தெரியுது." பிறகு, "ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு நோட்டீசு குடுக்கணுமாம். நீதான் எழுதணும். வேற எவன்கிட்ட குடுத்தாலும் சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுடும். பேஜாரா பூடும்."

நான் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று கேட்டால், படிவத்தை வைத்துக்கொண்டு யாராவது எதிரே உட்கார்ந்தால் என் கை தானாகப் பேனாவை எடுக்கும். மணமகன் பெயர், வயது, தொழில். மணமகள் பெயர். பிறந்த தேதிக்கு அவன் "ஆகஸ்டுல ஏதோ" என்றான். நான் அவனைக் கேட்காமலே 3-9-1953 என்று எழுதினேன். அவன் அதைப் பார்த்தான். என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை. கல்வெட்டில் எனக்கு ஆர்வம் போயிருந்தது.

ரிஜிஸ்டர் கல்யாணச் சட்டப்படி நோட்டீசை அலுவலகப் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைக்க வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் சொல்லலாம். ஜூன் பத்தாம் தேதி திங்கட்கிழமை ஒட்டினார்கள். அன்று பத்து மணிக்கு அவன் வந்து பலகைக்கு முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றான். ஐந்து மணிக்குப் போனான். மறுநாளும் வந்தான்.

என் கொட்டகையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரியும். பத்திரம் பதிய வருகிறவர்கள், சாட்சிகள், தரகர்கள் என்று பாதிச் செங்கல்பட்டு அந்த வராந்தாவில் நடமாடும். அதில் விறகுத் தொட்டிக்காரரைத் தெரியாதவர்கள் குறைவு. இவன் அகலமான ஆள். நோட்டீசு சரியாக அவன் தோள்பட்டைக்கு நடுவே வந்தது.

மூன்றாம் நாள் பியூன் கேட்டார். "இன்னா நைனா, பலகைக்கு முட்டுக் குடுத்துகினு கீறியா?"

"ஆணி லூசா கீது அண்ணாத்த. மேல உழுந்தா யாராவது கேப்பாங்க."

அப்பாவிடம், ஒரு தோப்புக் குத்தகைப் பத்திரம் பதிய அலைவதாகச் சொல்லியிருந்தான். "அந்தப் பத்திரம் ஆவறதுக்குள்ள சவுக்கே காடா பூடும்" என்று அவர் தெருவில் எல்லோரிடமும் அலுத்துக்கொண்டார்.

ஒருநாள் நான் கேட்டேன். "மாமாவுக்குத்தான் படிக்கத் தெரியாதே. எதுக்குடா நிக்கிற?"

"நைனாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிஞ்சவன் அத்தினி பேருக்கும் தெரியும்" என்றான்.

தினமும் பத்து மணியிலிருந்து ஐந்து மணிவரை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குத் தாங்கவில்லை. என்னிடம் கோபித்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. கையை ஆட்டினான். மதியம் ரோட்டைத் தாண்டி வந்து என் டப்பாவிலிருந்து பாதி சாப்பிட்டுவிட்டு, ஓடிப் போய்த் திரும்ப நின்றான். அவனுக்கு மனசில் ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. ஒரே ஒரு ஆள் பார்த்தால் போதும், எல்லாம் நின்றுவிடும் என்ற எண்ணம் எனக்குப் பதினோராம் நாள் வந்தது. தொடக்கத்தில் சொன்ன குறிப்பின் பொருள் இதுதான். 'பதினோராம் நாள்' என்று நான் எண்ணியது அவன் நின்ற நாட்களை அல்ல. எனக்கிருந்த முப்பது நாளில் தீர்ந்துபோனவற்றை.

யாரும் பார்க்கவில்லை. ஆகவே ஜூன் 25 செவ்வாய்க்கிழமை, நான் அவன் அப்பாவுக்கு ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன்.

மொட்டைக் கடிதம் எழுதுகிறவன் இடது கையால் எழுதுவான் என்று படித்திருந்தேன். எழுதிப் பார்த்தேன். எழுத்து பார்க்கச் சகிக்கவில்லை. வலது கைக்கே மாற்றினேன். கார்டின் வலது மூலையில் "செங்கல்பட்டு, 25-6-74" என்று போட்டேன். "பெருமதிப்பிற்குரிய ஐயா" என்றேன். அதன்கீழ் "பொருள்: தங்கள் புதல்வியின் திருமணம் குறித்து" என்று எழுதி அடிக்கோடிட்டேன். மூன்று பத்தி. அலுவலகம், பலகை, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எல்லாம் உண்டு. "இங்ஙனம், நலம் விரும்பி." உலகத்தில் இவ்வளவு ஒழுங்கான மொட்டைக் கடிதம் வேறு இருக்காது. ஊரில் அந்தக் கையெழுத்து இல்லாத பத்திரம் இல்லை.

அதைவிடப் பெரிய தவறு வேறு. தபால் பெட்டியில் போடும்வரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலை பதினோரு மணி. அவன் அப்பா தலையில் துண்டோடு கொட்டகைக்குள் வந்தார். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"காலண்டரு, இத்த இன்னான்னு படி."

தெருவில் எனக்கு அதுதான் பெயர். பத்து வருஷமாக அவருக்கு வரும் கடிதங்களையெல்லாம் படித்துக் காட்டியது நான். மகன் அவசரத்தில் பாதியை விழுங்கிவிடுகிறான், மகள் தனக்கு வேண்டியதை மட்டும் படிக்கிறாள், இந்தப் பையன்தான் தேதியிலிருந்து படிக்கிறான் என்று அவருக்கு என்மேல் நம்பிக்கை. எழுத்து தெரியாத ஒருவருக்கு, அவர் என்னிடமே கொண்டுவந்து படிக்கக் கேட்பார் என்று யோசிக்காமலே, காட்டிக்கொடுக்கும் கடிதம் எழுதிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"தேதியிலருந்து படி."

"செங்கல்பட்டு" என்றேன். "இருபத்தஞ்சு, ஆறு, எழுபத்துநாலு."

"உம்."

"பெருமதிப்பிற்குரிய ஐயா."

"யாருடா அது, அவ்ளோ மருவாதியா?"

நான் அடிக்கோடிட்ட 'பொருள்' வரியில் நின்றேன். எதிரே வராந்தாவில் நின்றவன் அப்பாவைப் பார்த்துவிட்டான். பலகையை விட்டான். பதினாறு நாளில் வேலை நேரத்தில் அவன் அதைவிட்டு வந்தது மதியச் சாப்பாட்டுக்கு மட்டுந்தான். ரோட்டைத் தாண்டி வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று கார்டைப் பார்த்தான். எவ்வளவு நேரம் பார்த்தான் என்று குறிப்பில் இல்லை. மூன்று பத்தி படிக்கிற நேரம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மூச்சு விடுகிற நேரமாகவும் இருக்கலாம்.

"இன்னாடா, நின்னு போச்சு?" என்றார் அப்பா.

"குடு மச்சான். உனக்குத் தொண்ட கட்டிகினு கீது" என்று கார்டை என் விரலிலிருந்து உருவினான். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு ராகமாகப் படித்தான். "பெருமதிப்பிற்குரிய ஐயா. நான் படாளம். என் வூட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போடச் சவுக்குக் கம்பு நூத்தம்பது வேணும். வளைவு இல்லாம, ஒரே அளவா பாத்து எடுத்து வைக்கவும்."

"செங்கல்பட்டுன்னு படிச்சானே இவன்?"

"டவுனுக்கு வந்த எடத்துல எழுதிகீறாரு."

"பேரு இன்னா?"

அவன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பேரு போடல நைனா. தேதியெல்லாம் கரெக்டா போட்டுட்டு பேர உட்டுட்டான். கேன." பிறகு என்னைப் பார்த்தான். "கேனதான மச்சான்?"

"ஆமாம்" என்றேன்.

"பேரு இல்லாத கம்ப எவனுக்குடா அனுப்பறது?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "சரி, எடுத்து வை. வேணும்னா வருவான்." போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "மொளகு ரசம் வெச்சு குடி, காலண்டரு" என்றார்.

அவன் கார்டை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "நா போறேன், பலக காலியா கீது" என்று ஓடினான். அவ்வளவுதான். அன்று மதியமும் வந்து என் டப்பாவில் பாதி சாப்பிட்டான். கையெழுத்தை அவன் அடையாளம் கண்டான் என்பதற்கும் காணவில்லை என்பதற்கும் நான் இரண்டு பட்டியல் போட்டேன். இரண்டும் சம நீளத்தில் வந்தன. அந்த நூற்றைம்பது கம்புகள் தொட்டியின் பின்சுவரில் சாத்தப்பட்டு, வராத ஆளுக்காக அடுத்த பொங்கல்வரை இருந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் அவற்றைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன்.

ஜூலை பத்தாம் தேதிவரை நின்றான். ஞாயிறுகளைக் கழித்து இருபத்தேழு நாள். மறுநாள் வியாழன் காலை கொட்டகைக்கு வந்தான்.

"மச்சான், மூணு சாட்சி வேணுமாம். நான் ஒண்ணு. பஸ்ஸு டிரைவரு ஒண்ணு. இன்னும் ஒரு ஆளு கம்மி."

எழுந்து போனேன். மல்லிகா பச்சைச் சேலையில் இருந்தாள். சூசை எனக்கு வணக்கம் சொல்லி, "இனிமே நம்ம பஸ்ல உங்களுக்கு டிக்கெட்டே கெடையாது சார்" என்றார். டிக்கெட் இல்லாமல் டைரியில் எதை ஒட்டுவது என்றுதான் என் புத்திக்கு முதலில் தோன்றியது. கையெழுத்துப் போட்டேன். கீழே தேதி போட்டேன். மல்லிகா நோட்டீசு நகலைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என் பொறந்த தேதி உனக்கு எப்படிண்ணா கரெக்டா தெரிஞ்சுது? அண்ணன் ஆகஸ்டுன்னு சொல்லிச்சாமே."

"ஆபீசில் இருந்தது" என்றேன்.

வெளியே படியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பஸ் நின்றிருந்தது. அவர்கள் இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள். அவனும் அவர்களோடு கடற்கரைப் பக்கமே போவதாக முடிவு.

"நைனா இன்னியோட ஒண்டியா பூட்டாரு. நான் ரெண்டு பக்கமும் நிக்க முடியாது. நீ அங்க போ மச்சான்."

அன்று மாலை போனேன். தொட்டியில் உறவுக்காரர்கள் கத்திவிட்டுக் கலைந்திருந்தார்கள். அவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நீயும் கையெழுத்து போட்டியாமே?"

"போட்டேன் மாமா."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கார்டை எடுத்தார். என் உயிர் போய்விட்டது. கோவளத்துத் தோப்புக்காரர் எழுதியது.

"உக்காரு. தேதியிலருந்து படி. வேற யாரு கீறாங்க எனக்கு?"

ஐந்து வருஷம் அவர் பக்கம் இருந்தேன். மாதம் ஒரு முறை அவனிடமிருந்து கார்டு வரும். வாழ்க்கையில் தேதி போட்டு எதையும் எழுதாதவன், யார் படிப்பார்கள் என்று தெரிந்து, வலது மூலையில் ஊரும் தேதியும் சுத்தமாகப் போட்டிருப்பான். நான் தொடங்குவேன். "மகாபலிபுரம், நாலு, பதினொண்ணு, எழுபத்தாறு." அவர் கையைக் காட்டுவார். "போதும், வை." அதற்குமேல் ஒரு வரிகூட என்னைப் படிக்கவிட்டதில்லை. அந்தத் தேதிக்கு மகன் உயிரோடு இருந்தான் என்பது மட்டும் அவருக்குப் போதுமாக இருந்தது. மீதியை நான் வீட்டுக்குப் போய்ப் படிப்பேன். எனக்கென்று ஒரு வரி இருக்கும் என்று தேடுவேன். "காலண்டரைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று மட்டும் இருக்கும். அதை நான் யாரிடம் சொல்வது?

நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் டீ குடித்தோம், சவுக்கு விலையைப் பேசினோம். அவன் சட்டைப் பையையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கார்டை இன்னும் அதில் வைத்திருப்பான் என்பதுபோல. பார்க்காமலே இருப்பது சுலபமாக இருந்தது. அப்பா பக்கம் ஆள் வேண்டுமே என்பது நல்ல காரணமாகவும் இருந்தது.

1979 மார்ச்சில் அந்தமானுக்குக் கப்பல் ஏறினான். மரம் அறுக்கும் வேலை. "அங்க ஆளு கம்மியாம்" என்று எழுதியிருந்தான். அங்கிருந்து இரண்டு கார்டு வந்தது. பிறகு இல்லை.

அந்த டிசம்பரில் அவன் அப்பா இறந்தார். மல்லிகாவும் சூசையும் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தூக்க மூன்று பேர்தான் முன்னே வந்தார்கள். நான் நாலாவதாகப் போய் நின்றேன். பழக்கமில்லாத தோள், வலி ஒரு வாரம் இருந்தது.

எல்லாம் முடிந்து ஏரிக்கரையில் கால் கழுவும்போது சூசை பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "கல்யாணத்தன்னிக்கி சாட்சிக்கு மூணு பேரு காலையிலயே ரெடி சார். டிரைவரு, மச்சான், அப்புறம் ஆபீசு வாசல்ல டீக்கடை போட்டிருந்தாரே, அவரு. குளிச்சிட்டு வெள்ளச் சட்ட போட்டுகினு வந்து நின்னாரு. மச்சான்தான் அவர, 'நீ போ, எங்களுக்கு இன்னொரு ஆளு கீறான்'னு திருப்பி அனுப்பிட்டாரு. நான்கூட இன்னாத்துக்குன்னு கேட்டேன். சொல்லல."

அப்படியானால் அன்று அந்தப் பக்கம் ஆள் குறைவாக இல்லை. ஆள் குறைந்திருந்தது ரோட்டுக்கு எதிர்ப் பக்கம், என் கொட்டகையில்.

மறுநாளே விசாரிக்கக் கிளம்பினேன். டீக்கடைக்காரர் அலுவலக வாசலிலிருந்து கடையை எடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எங்கே போனார் என்று பியூனுக்குத் தெரியவில்லை. டிரைவருக்கு ஞாபகமில்லை. மல்லிகா உள்ளே இருந்ததால் பார்க்கவில்லை என்றாள். போர்ட் பிளேருக்கு ஒரு கார்டு எழுதினேன். வலது மூலையில் ஊர், தேதி. கீழே, ஐந்து வருஷம் முன்பு அந்த மொட்டைக் கடிதத்தில் போடாமல் விட்ட என் பெயர், முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு. பதில் வரவில்லை. கார்டு திரும்பியும் வரவில்லை.

அவன் இருக்கிறானா என்று தெரியாமல் அவன் பெயரை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. பெயர் போடாமல் எழுதுவது எனக்குப் புதிதும் அல்ல.

பதிவேட்டில் மூன்று கையெழுத்துகள் உள்ளன. மூன்றாவது என்னுடையது, 11-7-74 என்ற தேதியோடு. அன்று வெள்ளைச் சட்டையில் வந்து திரும்பிப் போனவர் ஒருவர் உண்டு என்பதற்குச் சூசையின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. சரிபார்க்கப்படவில்லை.